இசக்கிக்குக் கொடுத்த மரம்

நான் வேதக்காரி. கிறிஸ்தவர்களை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வார்கள். கல்லிலும் மரத்திலும் தெய்வம் இல்லை என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்து, அதற்குச் சம்பளமும் வாங்கினவள். அப்படிப்பட்ட நான்தான் திருச்செந்தூர் சாலையோரம் ஒரு மருத மரத்தடியில் இசக்கியம்மன் வந்து குடியேறக் காரணமாக இருந்தேன். எங்கள் சபையில் அதைப் பாவம் என்றார்கள். நானும் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டேன். ஆனால் என் நெஞ்சை அறுப்பது அது இல்லை. சாமி வைத்ததற்கு ஆண்டவரிடம் நான் பதில் சொல்லிக்கொள்வேன். தொட்டில்காரிக்கு என்ன பதில் சொல்வது?

கல்யாணமான மறு வருஷம் எங்கள் இரண்டு பேரையும் பாளையங்கோட்டையிலிருந்து அந்த ஊருக்கு அனுப்பினார்கள். என் வீட்டுக்காரருக்கு ஆண்பிள்ளைகள் பள்ளிக்கூடம், எனக்குப் பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடம். அவருடையதற்குக் காரைச் சுவர், ஓட்டுக் கூரை. என்னுடையது வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் பனையோலை வேய்ந்த ஒரு கொட்டகை. அதற்குப் போக ஒற்றைப் பனந்தடிதான் பாலம். பெண்பிள்ளை படித்துக் கலெக்டர் வேலைக்கா போகப் போகிறது என்று கேட்ட காலம். ஓலைக் கொட்டகை கொடுத்ததே பெரிசு என்று நான் வாயை மூடிக்கொண்டேன். இப்படி எழுதுவதை என் வீட்டுக்காரர் பார்த்தால் சிரிப்பார். என் வாய் மூடி அவர் பார்த்ததில்லை.

அந்த ஊரில் சேரியை விட்டால் எனக்குப் பிள்ளை கிடைக்காது. மேலத்தெருக்காரர்கள் சேரிப் பிள்ளையோடு தங்கள் பிள்ளையை உட்காரவைக்க மாட்டார்கள். சேரியிலோ ஏழு வயசுப் பெண் என்றால் அவள் இடுப்பில் ஒரு தம்பி இருப்பான். தாய் வயலில் நட்டுக்கொண்டிருப்பாள், இவள் தம்பியைச் சுமந்துகொண்டு அலைவாள். பிள்ளையைக் கீழே போட்டுவிட்டுப் படிக்க வா என்று எந்த வாத்திச்சி சொல்ல முடியும்?

அதற்கு வழி வைத்திருந்தவள் தொட்டில்காரி. சின்ன வயசிலேயே இடது கால் சூம்பிப்போனவள். சேற்றில் இறங்கி நடவு நட முடியாது. கல்யாணமும் ஆகவில்லை. சாலையும் வயலும் சேருகிற இடத்தில் ஒரு பெரிய மருத மரம் நின்றது. மற்ற சாலை மரங்கள் எல்லாம் நெட்டுக்கு வளர்ந்திருக்க, இது மட்டும் ஆள் உயரத்தில் இரண்டு பெரிய கிளைகளை வயல் பக்கமாக நீட்டிக்கொண்டு நின்றது. நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிற பெண்கள் விடிந்ததும் வந்து, பழைய சேலையைக் கிளையில் தொட்டிலாகக் கட்டிப் பிள்ளையைப் போட்டுவிட்டு வயலில் இறங்குவார்கள். தொட்டில்காரி நடுவில் உட்கார்ந்துகொண்டு, ஒவ்வொரு தொட்டிலிலும் ஒரு கயிற்றைக் கட்டி, கையாலும் நல்ல காலாலும் இழுத்து இழுத்து ஆட்டுவாள். பிள்ளை பசித்து அழுதால் வயலைப் பார்த்துச் சத்தம் கொடுப்பாள், தாய் வரப்பேறி வந்து பால் கொடுத்துவிட்டுப் போவாள். சாயங்காலம் கூலி வாங்கினதும் ஒவ்வொருத்தியும் அவள் மடியில் ஒரு கை நெல் போடுவாள். அதுதான் அவள் பிழைப்பு.

தாலாட்டுப் பாடுவாள் என்று நினைக்க வேண்டாம். அவளுக்குக் காக்கைக் குரல். வைதுகொண்டேதான் ஆட்டுவாள். "ஏ மூதி, கண்ண மூடுலே! ஒங்க ஆத்தா அங்கன இடுப்பு ஒடிய நடுதா, நீ இங்கன ராசா மாதிரி ஆடிக்கிட்டு அழுதியோ?" என்பாள். பிள்ளையும் அந்த வசவைக் கேட்டபடியே உறங்கிவிடும்.

தம்பி தொட்டிலில் இருந்தால் அக்காளுக்கு இடுப்பு காலி. அந்தக் காலி இடுப்புகள்தான் என் பள்ளிக்கூடத்துக்கு வந்தன. பாளையங்கோட்டையிலிருந்து பார்வையிட வந்த துரைசானி, கொட்டகை நிறையப் பெண்பிள்ளைகள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நான் அதை வாங்கிக்கொண்டேன். மரத்தைப் பற்றியும் சொல்லவில்லை, மரத்தடியில் இருந்தவளைப் பற்றியும் சொல்லவில்லை.

சீமையில் சண்டை நடந்துகொண்டிருந்த வருஷங்கள் அவை. ரயிலுக்கு நிலக்கரி வரவில்லை, விறகுக்குக் கிராக்கி என்று பேசிக்கொண்டார்கள். ஒரு நாள் காலையில் ஓவர்சீயர் ஒருவர் வண்டியில் வந்து இறங்கினார். கூட ஒருத்தன் தார் டப்பாவோடு வந்தான். சாலையில் இரண்டு பக்கமும் நின்ற மரங்களில் பட்டையைச் செதுக்கி, தாரால் நம்பர் போட்டுக்கொண்டே போனான். தொட்டில் மரத்துக்கும் போட்டான். தார் வாடை தாங்காமல் பிள்ளைகள் அழுததாகவும், தான் அந்த ஆளை அவன் தாத்தன் வரைக்கும் இழுத்து வைததாகவும் தொட்டில்காரி அன்றைக்கு என்னிடம் சொன்னாள்.

"வெட்டப் போறானாம்மா. வெட்டுனா இந்தப் பிள்ளையள எங்கன கொண்டு போடுவேன்? எனக்கு வேற என்ன தெரியும்?" என்றாள். வைகிற வாய் அன்றைக்குக் கெஞ்சியது. எனக்கு அவளை நினைத்துக் கவலை வந்ததா, என் கொட்டகை காலியாகிவிடும் என்று கவலை வந்ததா என்று கேட்டால், இரண்டும் வந்தது. எது முந்தி வந்தது என்று என்னைக் கேட்க வேண்டாம்.

என் வீட்டுக்காரர் மனு எழுதுவதில் மன்னர். "மகா கனம் பொருந்திய" என்று ஆரம்பித்தால், படிக்கிறவர் எழுந்து நின்று படிக்கவேண்டும் போல எழுதுவார். சாலையில் நடக்கிற பாதசாரிகள், திருச்செந்தூருக்குக் காவடி எடுத்துப் போகிறவர்கள், கருவாட்டுக் கூடை சுமந்து வருகிற பெண்கள், வண்டி மாடுகள் என்று நிழலில் ஒதுங்குகிற சகல ஜீவன்களையும் அதில் கொண்டுவந்தார். சேரிப் பெண்கள் கட்டைவிரல் வைத்தார்கள். மேலத்தெருவில் கையெழுத்து வாங்க நானே போனேன். முதலில் பண்ணையார் வீடு. மரத்தை ஒட்டின வயல் அவருடையது.

"டீச்சரம்மா, ஒங்க மேல எனக்கு மரியாதி உண்டு. ஆனா மரத்து நெழல்ல நெல்லு வெளையுமா? அந்த மருது நிக்கதுனால ஒரு மரக்கா வெதப்பாடு எனக்கு வருசா வருசம் பாழு. வெட்ட வாரவனுக்கு நான் வெத்தல பாக்கு வச்சுல்லா காத்திருக்கேன்" என்றார். மோர் கொடுத்து அனுப்பினார். மற்ற வீடுகளில் மோரும் இல்லை.

மனுவுக்குப் பதில் வரவில்லை, கோடாலிதான் வந்தது. மேற்கே இருந்து ஆரம்பித்தார்கள். ஒவ்வொரு மரமும் விழுகிறபோது தரை அதிரும். தொட்டிலில் கிடக்கிற பிள்ளைகள் எல்லாம் ஒரே சமயத்தில் வீறிட்டு அழும். நான் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, சேரிப் பெண்களைக் கூட்டிக்கொண்டு ஓவர்சீயர் முன்னால் போய் நின்றேன். இடுப்பில் பிள்ளையும் முழங்கால் வரை சேறுமாக அவர்கள் நின்றார்கள். அவர் கெட்ட மனுஷன் இல்லை. "எனக்கென்னம்மா மரத்து மேல பகையா? மேல இருந்து உத்தரவு. நான் நிறுத்தினா என் வேல போயிரும், அடுத்தாப்ல வாரவன் வெட்டுவான்" என்றார். நான் அவரிடம் கோபமாகப் பேசினேன். ஏசு சாமியின் பொறுமையைப் பற்றி ஞாயிற்றுக்கிழமைதோறும் பாடம் எடுக்கிறவள் பேசுகிற பேச்சாக அது இருக்கவில்லை. அவர் குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார்.

இரண்டு நாள் கழித்து ஒரு சங்கதியைக் கவனித்தேன். வரிசையில் ஒரு வேம்பு இருந்தது. அதன் தூரில் சுடலைமாடன் பீடம், எப்போதோ யாரோ வைத்தது. அந்த மரத்திலும் தார் நம்பர் இருந்தது. ஆனால் வெட்டுகிறவர்கள் அதை ஏறிட்டுக்கூடப் பார்க்காமல் அடுத்த மரத்துக்குப் போனார்கள். ஓவர்சீயரும் அதை வெட்டச் சொல்லவில்லை. எங்கள் மனுவில் இருந்த அத்தனை ஜீவன்களுக்கும் நிற்காத கோடாலி, சுண்ணாம்பு அடித்த ஒரு பீடத்துக்கு நின்றது.

அன்றைக்கே தொட்டில்காரியிடம் போய்ச் சொன்னேன். "நம்ம மரத்துக்கும் ஒரு சாமி வந்தா?"

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "வாத்திச்சியம்மா, நீங்களா சொல்லுதிய?"

"நான் சொல்லல. சாமி வந்து சொன்ன மாதிரி கனாக் கண்டேன்னு நீ சொல்லு."

எந்தச் சாமி என்று பேச்சு வந்தது. இசக்கி என்று சொன்னதும் நான்தான். மிஷன் காம்பவுண்டில் பிறந்து வளர்ந்தவளுக்கு இசக்கியைப் பற்றி என்ன தெரியும்? அந்தப் பேரைச் சொன்னால் வண்டிக்காரன்கூட மாட்டை விரட்டிக்கொண்டு போவான் என்பது மட்டும் தெரியும். பயப்படுத்துகிற பேர்தானே வேண்டும் என்று நினைத்தேன். இசக்கியின் சிலையில் அவள் வாயில் ஒரு பிள்ளை இருக்கும், கையில் ஒரு பிள்ளை இருக்கும் என்பதை நான் பார்த்ததும் இல்லை, கேட்டதும் இல்லை. சேரிப் பெண்களுக்குத் தெரியும். அதில் ஒருத்தி கொஞ்சம் தயங்கினாள். "பிள்ளைய கெடக்குத எடமாச்சே" என்று இழுத்தாள். மற்றவர்கள் சிரித்துவிட்டார்கள். தொட்டில்காரி, "போட்டீ! நம்ம வச்ச கல்லு நம்மளயா கடிக்கும்?" என்றாள். நானும் சேர்ந்துதான் சிரித்தேன்.

மறுநாள் விடிகிறபோதே காரியம் முடிந்தது. வாய்க்காலில் இருந்து கல் பொறுக்கி வந்து தூரில் ஊன்றி, மஞ்சணை பூசி, அரளிப்பூ வைத்தவள் தொட்டில்காரி. மரத்தில் சுற்றிய சிவப்புத் துணி என்னுடையது. பெண்பிள்ளைகளுக்குத் தையல் சொல்லிக்கொடுக்க மிஷனில் இருந்து தந்த துணி அது. பெண்கள் குலவையிட்டார்கள். வெயில் ஏறுவதற்குள் தொட்டில்காரியின் கனா சாலை நெடுகப் போய்விட்டது. அவள் வாய் என்ன லேசான வாயா? மத்தியானம் அந்த வழியாக வந்த திருச்செந்தூர் யாத்திரைக்காரர்கள் இரண்டு பேர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டுப் போனார்கள்.

வெட்டுகிறவர்கள் அந்த மரத்துக்கு வந்தபோது ஒருத்தனும் கோடாலியைத் தூக்கவில்லை. மரம் வெட்டக் குத்தகை எடுத்திருந்தவன் திட்டிப் பார்த்தான், கூடுதல் கூலி தருகிறேன் என்றான். கடைசியில் வெளியூரிலிருந்து புதிதாக வந்த ஒருத்தன் துணிந்து முன்னால் வந்தான். மருது பழைய மரமென்றால் இரும்பாக இருக்கும். இரண்டாவது வெட்டில் கோடாலி சறுக்கித் திரும்பி அவன் முழங்காலுக்குக் கீழே பாய்ந்தது. ரத்தம் கல் மேல் தெறித்தது. அவனை வண்டியில் போட்டுப் பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நான் பின்னால் போய்ப் பார்த்தேன். கால் போகவில்லை, ஆனால் நடை போய்விட்டது. "தெரியாம கை வச்சுட்டேம்மா, அவகிட்ட மன்னிப்பு கேட்டேன்னு சொல்லுங்க" என்று என்னைப் பார்த்துக் கும்பிட்டான். கொண்டுபோன பழத்தை வைத்துவிட்டு வந்தேன். அவன் கூலிக்கு வந்தவன்.

ஓவர்சீயரே வந்து தார் நம்பரைச் சுரண்டிவிட்டுப் போனார். சாலையில் அந்த வேம்பும் இந்த மருதும்தான் மிச்சம். நாங்கள் ஜெயித்துவிட்டோம். வெட்டுப்பட்டவனை ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு வந்த பிறகும், தொட்டில் மரம் நிற்கிறதைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. என் வீட்டுக்காரர் மட்டும், "உன் சாமி என் மனுவைவிட நன்றாக எழுதுகிறது" என்றார். அவருக்கு அது வேடிக்கையும் இல்லை, வருத்தமும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஒன்று.

அடுத்த நடவு நாளில் மரத்தில் பாதித் தொட்டில்கூட இல்லை. நான் பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில் தொட்டில்காரியைக் கேட்டேன்.

"பயப்படுதாளுவம்மா. ரத்தம் குடிச்சவ, பிள்ள வாடைக்கு வருவாங்காளுவ" என்றாள்.

"நீ வச்ச கல்லுதான, நீ எடுத்துச் சொல்லக்கூடாதா?"

அவள் கல்லைப் பார்க்காமல் சொன்னாள். "கல்லு நான் வச்சதுதான். அன்னைக்கு அது வெறுங்கல்லு. ஆனா அந்த ஆளு கால் வெட்டுப்பட்டத நான் கண்ணால பாத்தேன். இப்ப அவ வந்து உக்காந்துட்டாம்மா."

அவள் குரல் தணிந்திருந்தது. பிள்ளையை வையக்கூட இல்லை, பைய ஆட்டிக்கொண்டிருந்தாள். அந்தத் தொட்டிலில் கிடந்த குழந்தைக்கு அடுத்த வாரம் காய்ச்சல் கண்டது. மழைக்காலத்தில் எந்தக் குழந்தைக்குத்தான் காய்ச்சல் வராது? ஆனாலும் அதோடு கடைசித் தொட்டிலும் அவிழ்ந்தது. தாய்மார் பிள்ளைகளை வரப்பில் துணி விரித்துக் கிடத்தினார்கள். காவலுக்கு மூத்த பெண்ணை உட்காரவைத்தார்கள். என் கொட்டகையில் பாய் விரிக்க ஆள் இல்லை.

இதற்குள் பண்ணையார் வீட்டில் ஒரு விசேஷம். மருமகளுக்குக் கல்யாணமாகிப் பல வருஷம் பிள்ளை இல்லை. யாரோ சொன்னார்கள் என்று அந்த மரத்துக்கு வந்து ஒரு மரத்தொட்டில் கட்டிவிட்டுப் போனாள். பிள்ளை உண்டானது. பண்ணையார் தலைகீழாக மாறிவிட்டார். ஒரு மரக்கால் விதைப்பாடு பாழ் என்றவர், மரத்தைச் சுற்றி இன்னும் கொஞ்சம் வயலையும் விட்டுக்கொடுத்துச் சுற்றுச்சுவர் எழுப்பினார். பீடம் கட்டினார், சுண்ணாம்பு அடித்தார். இசக்கிக்குக் கோமரத்தாடி ஒருத்தனை வைத்தார். சாமி ஏறி வாக்குச் சொல்லுகிறவனுக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பேர். எல்லாம் முடிந்த பிறகு கட்டுப்பாடும் போட்டார்கள். சேரிக்காரர்கள் சாலைக்கு அந்தப் பக்கமே நின்று கும்பிட்டுக்கொள்ள வேண்டும்.

நொண்டிக்கொண்டு வழக்கம்போல மரத்தடிக்குப் போன தொட்டில்காரியைத்தான் முதலில் விரட்டினார்கள். பயந்து பயந்தாவது அவள் அங்கே போய் உட்கார்ந்திருந்தாள். ஏனென்றால் வேறு எங்கே போக? தாழ்ந்த அந்தக் கிளைகளில் இப்போது விரல் நீளத்தில் மரத்தொட்டில்கள் தொங்கின. எங்கெங்கிருந்தோ பிள்ளை இல்லாதவர்கள் வந்து கட்டிவிட்டுப் போனார்கள்.

எனக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. உண்மையைச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். சொன்னால் மரம் போகும். சாமி இல்லை என்றால் கோடாலி திரும்பி வரும், பண்ணையாரே வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பார். அதனால் தொட்டில்காரியைக் கேட்காமல் செய்யக்கூடாது என்று அவளிடம் போனேன்.

"சொல்லுங்கம்மா. மரம் விழுந்தா விழட்டும். வெயில் எல்லாத்துக்கும் பொது. நிக்கித மரத்த எதுத்தாப்ல நின்னு பாக்கதுதாம்மா தாங்கல" என்றாள்.

சித்திரையில் இசக்கிக்கு முதல் கொடைத் திருவிழா வந்தது. மேளம், பந்தல், பொங்கல் என்று ஊரே கூடியிருந்தது. நான் சுற்றுச்சுவர் வாசலில் போய் நின்றேன். பண்ணையார் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து வாங்க என்றார். எல்லாருக்கும் கேட்கும்படி நான் சொன்னேன்.

"அண்ணாச்சி, இங்கன சாமி ஒண்ணும் வரல. கனாவும் இல்ல, ஒண்ணும் இல்ல. மரத்துல துணி கட்டச் சொன்னது நான். அது என் பள்ளிக்கூடத்துத் துணி. பிள்ளையளுக்குத் தொட்டில் கட்டுத மரத்தக் காப்பாத்தணும்னு செஞ்ச வேல. அந்தப் பொம்பளையள மறுபடி வர விடுங்க."

கல் ஊன்றினது யார் என்று மட்டும் நான் சொல்லவில்லை. சொன்னால் அவளை அடித்தே கொன்றுவிடுவார்கள் என்று பயம்.

மேளம் நின்றது. பண்ணையார் முகம் கறுத்தது. என் பின்னால் இருந்த கூட்டம் நெருங்கி வந்தது எனக்குத் தெரிந்தது. அப்போது பீடத்தடியில் இருந்த கோமரத்தாடிக்கு உடம்பு நடுங்க ஆரம்பித்தது. கையில் இருந்த வேப்பங்குலையை என் பக்கம் நீட்டி அலறினான்.

"வேதக்காரி கையாலயே எனக்குச் சிவப்பு வாங்கிக் கட்டுனவ நான்! எந்த வேதமா இருந்தா எனக்கென்னலே? நெனச்சா யாரையும் ஏவுவேன்!"

குலவை வானத்தைப் பிளந்தது. பண்ணையார் கண்ணில் தண்ணீரோடு என்னைப் பார்த்துக் கைகூப்பினார். "பாத்தியளா டீச்சரம்மா, ஒங்களயே கூப்புட்டு வேல வாங்கியிருக்கா! எங்களுக்கே கெடைக்காத பாக்கியம்" என்றார். நான் இல்லை இல்லை என்றது யார் காதிலும் விழவில்லை. என் கையில் தேங்காய் மூடியும் பழமும் திணித்தார்கள். கூட்டத்துக்கு அப்பால், சாலைக்கு அந்தப் பக்கம் வெயிலில் நின்ற சேரிக் கூட்டத்தில் தொட்டில்காரியும் நின்றாள். அவளும் கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தாள்.

அந்த வருஷத்திலிருந்து கொடைக்குக் கூட்டம் இரண்டு மடங்கு. வேதக்காரியை ஏவல் கொண்ட இசக்கி என்றே அவளுக்குப் பேர் வந்துவிட்டது. சபையில் என்னைக் கொஞ்ச காலத்துக்கு நற்கருணைக்கு வரவேண்டாம் என்றார்கள். நியாயம்தான்.

இத்தோடு முடிந்திருந்தால் நான் முட்டாள்தனம் செய்தேன், நல்லெண்ணத்தில் செய்தேன் என்று மனசைத் தேற்றிக்கொண்டிருப்பேன். அதற்கப்புறம் செய்ததுதான் தேற்றிக்கொள்ள முடியாதது. அதை யாரும் பாவம் என்று சொல்லவில்லை. துரைசானி பாராட்டக்கூடச் செய்தார்.

வரப்பில் குழந்தைகள் வெயிலில் வாடுவதைப் பார்த்து, தொட்டில்களை என் பள்ளிக்கூடக் கொட்டகையிலேயே கட்டச் சொன்னேன். என் வீட்டுக்காரர் உத்தரத்துக்கு முட்டுக்கொடுத்துப் பலப்படுத்தினார். அந்தப் பக்கத்து வயல்களில் வேலை செய்த தாய்மார் வந்து போவதும் சுலபமாக இருந்தது. அக்காள்மார் ஒரு பக்கம் படிக்க, தம்பிமார் மறு பக்கம் ஆடினார்கள். கொட்டகை மறுபடி நிறைந்தது. எல்லாம் நன்றாக நடந்தது, ஒன்றைத் தவிர. வாய்க்கால் மேல் கிடந்தது ஒற்றைப் பனந்தடி. சூம்பின காலோடு தொட்டில்காரியால் அதைக் கடக்க முடியவில்லை. முதல் நாள் வந்து பாதித் தடியில் உட்கார்ந்துவிட்டாள். இரண்டு பேர் பிடித்துத் திரும்பக் கரையில் விட்டார்கள்.

பக்கத்தில் இன்னொரு தடி போட்டால் போதும். போடுகிறேன் என்று அவளிடம் சொன்னேன். அது வரைக்கும் என்று, கால் நன்றாக இருந்த ஒரு பெண்ணைத் தொட்டில் ஆட்ட வைத்தேன். அவள் கெட்டிக்காரி, நன்றாகப் பாடவும் செய்தாள். சாயங்காலத்து நெல் அவள் மடிக்குப் போனது. பரீட்சை வந்தது, பிறகு அறுப்பு வந்தது, பிறகு மழை வந்தது. பனந்தடிக்கு ஆள் சொல்ல வேண்டும் என்று நினைப்பேன், வீட்டுக்குப் போனதும் மறந்துவிடும். மறந்துவிடும் என்று எழுதுகிறேன். உண்மையில் மறக்கவில்லை. எனக்கு வேண்டிய பிள்ளைகள் திரும்பி வந்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

தொட்டில்காரி சாலைக்கு எதிர்ப்பக்கம், வெட்டிப்போட்ட ஒரு மரத்தின் தூர்க்கட்டையில் உட்கார ஆரம்பித்தாள். மேலே ஒரு இலை நிழல் கிடையாது. இசக்கியைக் கும்பிட்டுத் திரும்புகிறவர்கள் பொங்கலோ பழமோ அவள் பக்கம் எறிந்துவிட்டுப் போவார்கள். நான் தினமும் அந்த வழியாகத்தான் பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும். அவள் என்னை ஒரு வார்த்தை வைதிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். பச்சைக் குழந்தையையே விடாத வாய் என்னை விட்டுவிட்டது. என்னைக் கண்டதும் முகம் மலர்ந்து ஒரே கேள்விதான் கேட்பாள்.

"பிள்ளைய எல்லாம் ஒறங்குதா வாத்திச்சியம்மா?"

"உறங்குது" என்பேன்.

"கொஞ்சம் வஞ்சாத்தான் ஒறங்கும், அவகிட்ட சொல்லுங்க" என்பாள்.

பனந்தடியைப் பற்றி அவள் ஒரு நாளும் கேட்கவில்லை. கேட்டுவிடுவாளோ என்றுதான் நான் நடையை எட்டிப் போடுவேன். ஒரு நாள் காலையில், தூரத்தில் அவள் தலை தெரிந்ததும் என் கால் தானாக வயல் பக்கம் இறங்கிவிட்டது. அங்கேயிருந்து வாய்க்கால் கரையோடு பனந்தடிக்கு ஒரு ஒற்றையடிப் பாதை இருந்தது. சுற்று வழி, சேறு, முள். அந்த ஊரில் வேலை பார்த்த மிச்ச வருஷம் முழுக்க நான் அந்த வழியாகவே போய்வந்தேன்.